பெஞ்சுக்கு ஒரு கை

ஹில்டா டீச்சரின் ஆறாம் வகுப்பு ஒரு முடிவுக்கு வருவதற்குள் நமக்குத் தலை நரைத்துவிடும். எனக்கு வயது இருபத்து மூன்றுதான். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் எங்கள் ஆபீஸில் மிஞ்சிக் கிடந்த பழைய காலண்டர்களைக் கட்டி, ஸ்கூட்டரில் வைத்து, அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போனேன். அந்த அட்டைகளை வெட்டிப் பிள்ளைகள் ஏதோ செய்வார்களாம். நான் இருப்பது தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ். துறைமுகத்துக்கு வருகிற சரக்குக்கும் போகிற சரக்குக்கும் காகித வேலை முடித்துக் கொடுப்போம். காலையிலிருந்து சாயங்காலம்வரை லாரி டிரைவர்களிடம் போனில் கத்துவது என் பொறுப்பு. கத்துவதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்றால் என்னைவிடக் கொடுத்து வைத்தவள் யார்?

வகுப்புக்கு வெளியே ஜன்னலோரம் நின்றேன். ஆண்டு விழாவுக்கு நாடகமா, கும்மியா, பாட்டா என்று அன்றைக்கு முடிவு செய்ய வேண்டும். ஹில்டா கரும்பலகைப் பக்கமே போகவில்லை. கையைத் தூக்கச் சொல்லவும் இல்லை. நேரே கடைசி பெஞ்சுக்குப் போய், சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்த சிறுமியிடம் குனிந்து காதைக் கொடுத்தாள். அந்தப் பிள்ளை வாயைத் திறக்கவில்லை. ஹில்டா நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். எனக்குக் கால் வலித்தது. பிறகு, "சரி மக்ளே, யோசி. திரும்ப வாரேன்" என்று அடுத்த பிள்ளையிடம் போனாள். நாற்பது பேரையும் இப்படிக் கேட்டு முடித்து, சொன்னபடியே அந்தச் சிறுமியிடம் திரும்ப வந்தாள். அதற்குள் மணியடித்துவிட்டது. முடிவு? நாளைக்குத்தான்.

"ஏளா, இந்த வேகத்துல போனா இந்த வருஷத்து ஆண்டு விழா அடுத்த வருஷந்தான்" என்றேன்.

ஹில்டா வாயைத் திறக்காமல் சிரித்தாள். அவள் சிரிப்புக்கும் சத்தம் கிடையாது.

அவளைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அப்பா பேரை மட்டும் மாத்திரு" என்றாள். நான் எல்லாப் பெயரையும் மாற்றிவிட்டேன். ஏன் என்பது கடைசியில் தெரியும்.

அவளும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். அவள் சுவர் ஓரம், பக்கத்தில் நான். வாத்தியார் குடும்பத்துப் பிள்ளை நான். எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவோம், யார் சத்தம் பெரிதோ அவர் சொன்னதுதான் அன்றைக்குக் குழம்பு. ஹில்டா கடற்கரைத் தெருக்காரி. அவள் அப்பா பர்னபாஸ் மாமா சரக்குக் கப்பலில் டெக் வேலைக்காரர். ஏறினால் ஒன்பது மாதம், பத்து மாதம். வீட்டில் அம்மாவும் இவளும் மட்டும். அந்த அம்மாவும் பேச்சு குறைந்தவர். நான் அங்கே போனால் சுவர்க் கடிகாரம்தான் என்னோடு பேசும்.

வகுப்பில் எல்லோரும் அவளைச் சீண்டுவோம். "வாயைத் திறந்தா முத்து கொட்டிருமாளா?" என்பேன் நான். முத்துக்குப் பேர்போன ஊரில் அது பழைய கேலி. அவள் தலையைக் குனிந்து நோட்டில் கோடு போடுவாள்.

ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்கு ஜெயபாய் டீச்சர் வந்தார். நாசரேத்துக்காரர், அறிவியல் பாடம். நல்ல டீச்சர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிள்ளைகளைக் கேட்காமல் எதையும் செய்யக் கூடாது என்ற கொள்கை உள்ளவர். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதற்குக்கூட ஓட்டெடுப்பார். ஆனால் நாங்கள் நாற்பத்தெட்டுப் பேர். ஒவ்வொரு கையாக எண்ணி, பாதியில் ஒருத்தி கையை மாற்றி, மறுபடியும் எண்ணி, அதற்குள் பாடம் போய்விடும். அதனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் ஊர் மீன் ஏலக் கூடத்தில் படகுக்கு ஒரு ஆள்தான் பேசுவார். வலை இழுத்தவர்கள் எட்டுப் பேர் இருந்தாலும் விலைக்குத் தலையாட்டுவது ஒருவர். டீச்சர் அதை ஒருநாள் காலையில் மீன் வாங்கப் போனபோது பார்த்திருக்கிறார். அன்றைக்கே வகுப்பில் சட்டமாகிவிட்டது. பெஞ்சுக்கு நாலு பேர், நாலு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும், பெஞ்ச் தலைவி கையைத் தூக்க வேண்டும். பெஞ்சுக்கு ஒரு கை. பன்னிரண்டு கையை எண்ணினால் வேலை முடிந்தது.

எங்கள் பெஞ்சுக்குத் தலைவி யார் என்று சொல்லவும் வேண்டுமா? வகுப்பு லீடரும் நான்தான். நாலு பேரும் பேசி முடிவெடுப்பது என்பது எங்கள் பெஞ்சில் எப்படி நடக்கும் என்றால், நான் கையைத் தூக்கிவிட்டு மற்ற மூன்று பேரையும் திரும்பிப் பார்ப்பேன். யாரும் மறுத்ததில்லை. மௌனம் சம்மதம் என்று பெரியவர்களே சொல்லி வைத்திருக்கும்போது என்னைக் குறை சொல்ல முடியுமா? அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

அந்த வருடம் ஒருநாள் சுற்றுலா வந்தது. சனிக்கிழமை போகிறோம், இடத்தை நீங்களே முடிவு செய்யுங்கள் என்று ஒரு வாரம் முன்னாலேயே டீச்சர் சொல்லிவிட்டார். கன்னியாகுமரி, குற்றாலம், இல்லாவிட்டால் துறைமுகம். துறைமுகம் எப்படிப் பட்டியலில் வந்தது என்றால், ஒரு வகுப்பைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்ப் பார்க்க அனுமதிக் கடிதம் ஒன்று அந்தச் சனிக்கிழமைக்கு எங்கள் தலைமையாசிரியை பெரிய டீச்சர் கையில் தயாராக இருந்தது. துறைமுகம் என்றதும் வகுப்பே சிரித்தது. முதலில் சிரித்தவள் நான்.

மறுநாள் மதியம் சாப்பிடும்போது ஹில்டா, "துறைமுகம் போனா நல்லாருக்கும்லா?" என்றாள்.

அவளாக ஒரு பேச்சை ஆரம்பித்தது அந்த வருடத்தில் அதுதான் முதல் தடவை. அதையாவது நான் கவனித்திருக்க வேண்டும். "அங்கன என்னளா கெடக்கு? கரித்தூசி. அது எங்க மொட்டை மாடியிலயே கெடக்கு, வா காட்டுதேன்" என்று சொல்லிவிட்டு அவள் டப்பாவிலிருந்து மீன் துண்டை எடுத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அவள் ஆசிரியர் அறை வாசலில் போய் நின்றிருக்கிறாள். "என்ன ஹில்டா?" என்று ஜெயபாய் டீச்சர் கேட்டிருக்கிறார். "ஒண்ணுமில்ல டீச்சர், சாக்பீஸ்" என்று சொல்லி ரெண்டு சாக்பீஸை வாங்கிக்கொண்டு வந்தாள். வகுப்பில் அப்போது ஒரு டப்பா நிறையச் சாக்பீஸ் இருந்தது. நான் அதற்கும் கிண்டல் செய்தேன்.

அவள் மனதில் இருந்தது என்ன என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்குத்தான் அது பிந்தித் தெரிந்தது, உங்களை ஏன் காக்க வைக்க வேண்டும்?

பர்னபாஸ் மாமா போய்ப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. ஒன்பது மாத ஒப்பந்தம், மாற்று ஆள் வராததால் இழுத்துக்கொண்டே போனது. அந்தக் கப்பல் இந்தோனேசியாவில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு வருகிறது. எங்கே வருகிறது? உலகத்தில் எத்தனையோ துறைமுகம் இருக்க, தூத்துக்குடிக்கே வருகிறது. வெள்ளி, சனி இரண்டு நாள் நிற்கும். ஆனால் கப்பலில் ஆள் குறைவு, கேப்டன் இறங்க விட மாட்டார். வீட்டு ஆட்கள் உள்ளே போக வேண்டுமானால் கப்பல் வந்து நின்ற பிறகுதான் எழுதிப் போட முடியும், பாஸ் வர நாலைந்து நாள் ஆகும், அதற்குள் கப்பல் போய்விடும். வீட்டிலிருந்து ஆறேழு கிலோமீட்டரில் அப்பா நிற்பார், பார்க்க முடியாது. அனுமதிக் கடிதத்தோடு போகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் மட்டும் பார்க்கலாம். கப்பல் கடலில் சிக்னல் இல்லாத தூரத்துக்குப் போவதற்கு முன்பு மாமா பேசியபோது, "எங்க ஸ்கூல்ல இருந்து வருவாங்கப்பா, நானும் வருவேன்" என்று இவள் சொல்லிவிட்டாள்.

இதை யாரிடமும் ஏன் சொல்லவில்லை? அவள் அம்மா போட்ட கட்டு அது. கடலில் இருக்கிற ஆள் வந்து கரை சேரும்வரை வருகிறார் வருகிறார் என்று வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் வருகிறவருக்கு ஆகாது. அவர்கள் வீட்டில் பர்னபாஸ் மாமா வாசலில் வந்து செருப்பைக் கழற்றிய பிறகுதான் அவர் வருவதாகப் பேச்சே எடுப்பார்கள். பதினாலு வயதுப் பிள்ளை அந்தக் கட்டை மீறுமா? காரணத்தைச் சொல்ல முடியாது. காரணம் சொல்லாமல் கேட்கிற பழக்கமும் அவளுக்குக் கிடையாது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இவள் அழவும் தெரியாத பிள்ளை.

ஓட்டெடுப்பு செவ்வாய்க்கிழமை கடைசி பீரியட். கன்னியாகுமரிக்கு என் கைதான் முதலில் போனது, ஒன்பது பெஞ்ச். குற்றாலத்துக்கு மூன்று. கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. ஆனாலும் டீச்சர் முறை தவறாதவர். "துறைமுகம் யாருக்கு?" என்று கேட்டார்.

என் பக்கத்தில் ஒரு கை எழுந்தது. முழுதாக எழவில்லை. தோள்வரைக்கும் வந்து, காதருகே நின்றது. விரல்கள் மடங்கியிருந்தன. நான் திரும்பிப் பார்த்தேன். ஹில்டா முன்னால் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. என் பெஞ்சில் இரண்டு கையா? அவள் மணிக்கட்டைப் பிடித்து இறக்கினேன்.

"ஏளா, பெஞ்சுக்கு ஒரு கைதான். நம்ம கை கன்னியாகுமரிக்குப் போயிட்டு. மானத்த வாங்காத."

இறக்கும்போது அந்தக் கையில் ஒரு எதிர்ப்பும் இல்லை. வாழைத்தண்டுபோல வந்தது. டீச்சர் துறைமுகத்துக்கு நேரே பெரிய சைபர் போட்டார். "எல்லாருக்கும் சம்மதம்தானே பிள்ளைகளா?" என்றார். "சம்மதம் டீச்சர்!" என்று கத்தினோம். "பாத்தீங்களா, இதுதான் ஜனநாயகம்" என்று அவர் கையிலிருந்த தூசியைத் தட்டினார்.

துறைமுகக் கடிதம் வீணாகக் கூடாது என்று பெரிய டீச்சர் அதை எட்டாம் வகுப்பு 'ஏ' பிரிவுக்குக் கொடுத்துவிட்டார். அதே சனிக்கிழமை. அந்த வகுப்பில் என் தங்கை ஜெப்ஸி படித்தாள். வீட்டில் அவள் அழுதாள், நான் ஆடினேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை எட்டாம் வகுப்போடு சேர்ந்து போகலாமா என்று யாராவது கேட்டிருந்தால் பெரிய டீச்சர் ஒரு பெயரைச் சேர்த்திருப்பார். அவர் அப்படிப்பட்டவர்தான். கேட்க ஒரு வாய் வேண்டும். வாயிருந்தால் வங்காளம் போகலாம், இங்கே துறைமுகம் போகவே வாய் இல்லாமல் போயிற்று. எனக்கு இருந்த வாய் பன்னிரண்டு பேருக்குக் காணும், அது என்ன செய்துகொண்டிருந்தது? பஸ்ஸில் போடப் பாட்டு சேகரித்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கப்பலில் சிக்னல் வந்ததும் மாமா போன் செய்திருக்கிறார். சந்தோஷத்தில் அவர் அடுத்தவரைப் பேச விடமாட்டார். "நாளைக்கு வாரல்லா மக்ளே? நான் மேல நிப்பேன். மஞ்சத் தொப்பி போட்டிருப்பேன், பாத்துக்கோ. வாரல்லா?" என்று கேட்டிருக்கிறார். இல்லப்பா என்று சொல்லத்தான் ஹில்டா வாயெடுத்தாளாம். வந்தது "ம்" மட்டும். "அதான பாத்தேன்" என்று அவர் வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பஸ் கிளம்பியது. திருச்செந்தூர் ரோட்டில் ஊரைத் தாண்டியதும் இடது பக்கம் உப்பளம் வரும். மரமோ வீடோ மறைக்காத வெளி. அதற்கு அப்பால் துறைமுகத்துக் கிரேன்களும் கப்பல்களின் மேல்பாகமும் தெரியும். ஹில்டா இடது பக்கத்து ஜன்னலைக் கேட்டு வாங்கியிருந்தாள். கேட்டு வாங்கினாள் என்றா சொன்னேன்? விடிவதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். நான் நடுவில் நின்று ஆடிக்கொண்டிருந்தேன். பாட்டுச் சத்தத்தில் பஸ்ஸின் கூரை அதிர்ந்தது.

அவள் எழுந்து நின்று ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்தாள். ஏதோ சொன்னாள்.

"என்னளா?" என்று கத்தினேன்.

மறுபடியும் சொன்னாள். உதடு அசைந்தது தெரிந்தது. ஒரு கை ஜன்னலுக்கு வெளியே நீண்டிருந்தது.

"கேக்கல! சத்தமாச் சொல்லு!"

"ஒண்ணுமில்ல" என்றாள். அது மட்டும் எப்படியோ கேட்டது. உப்பளம் முடிந்து மரங்கள் வந்துவிட்டன. "அந்த நீலக் கப்பல்ல எங்க அப்பா இருக்காரு" என்பதுதான் அவள் சொன்னது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

கன்னியாகுமரியில் என்ன செய்தோம் என்று எனக்கு நினைவில்லை. வருகிற வழியில் வாந்தியெடுத்தவர்களின் பட்டியல் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் ஜெப்ஸி எனக்கு முன்னால் வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு ஒரு கதையோடு காத்திருந்தாள். துறைமுகத்தில் பெரிய நீலக் கப்பல் ஒன்று நிலக்கரி இறக்கிக்கொண்டிருந்ததாம். இவர்கள் வரிசையாகப் போய்த் தள்ளி நின்று பார்த்தார்களாம். மேலே மஞ்சள் தொப்பி போட்ட ஒரு மாமா இவர்களைக் கண்டதும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாராம். ஆட்டினார், ஆட்டினார், நிறுத்தவேயில்லையாம். ஏதோ கத்தினாராம், இயந்திரச் சத்தத்தில் கேட்கவில்லை. கம்பி ஓரமாகவே இவர்களோடு கூடக் கூட ஓடி வந்தாராம், கப்பல் முடிகிறவரைக்கும். பிள்ளைகளும் பதிலுக்கு ஆட்டினார்களாம். "லூசு மாமா அக்கா!" என்று ஜெப்ஸி சிரித்துச் சிரித்து விழுந்தாள். நானும் விழுந்தேன்.

நல்ல கதையை விடுகிற ஆளா நான்? திங்கட்கிழமை முதல் மணிக்கு முன்பே வகுப்பில் அரங்கேற்றிவிட்டேன். மேசைமேல் ஏறி, டஸ்டரைத் தலையில் தொப்பியாக வைத்து, இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டே மேசையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடினேன். வகுப்பு சிரித்துக் கண்ணீர் விட்டது.

இறங்கி இடத்துக்கு வந்தேன். ஹில்டா என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"என்ன நிறத் தொப்பி?"

"மஞ்சள்."

"ரெண்டு கையாலயுமா ஆட்டுனாரு?"

"ஆமாளா. ஏன்?"

அவள் தலையை பெஞ்சில் கவிழ்த்துக்கொண்டாள். முதுகு குலுங்கியது. அழுகிற சத்தம்கூட வரவில்லை. அன்று மதியம், பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்து, விட்டு விட்டு, நான் மேலே எழுதிய எல்லாவற்றையும் சொன்னாள்.

"சனிக்கிழமை ராத்திரி அப்பா போன் பண்ணுனாரு" என்றாள். "'பாத்தேன் மக்ளே'ன்னாரு. 'ரெண்டாவது வரிசையில நின்ன, ரெட்டைச் சடை. நீ கை ஆட்டுனதப் பாத்தேன். வளந்துட்ட'ன்னாரு."

ரெட்டைச் சடையும் அந்தச் சீருடையும் எங்கள் பள்ளிக்கூடம் முழுவதற்கும் ஒன்றுதான். மாமா பார்த்துப் பார்த்துக் கையசைத்தது எவள் வீட்டுப் பிள்ளைக்கோ.

"நீ என்ன சொன்ன?"

"ம்-னேன்."

"லூசா நீ? இல்லன்னு சொல்ல வேண்டியதுதான!"

ஹில்டா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இன்னும் நாலு மாசம் அவர் அதுல இருக்கணும்ளா. அது அவருக்கு இருந்துட்டுப் போட்டும். நீ யார்கிட்டயும் சொல்லாத. டீச்சர்கிட்டயும்."

நான் அவள்மேல் எவ்வளவு கோபப்பட்டேன் தெரியுமா? கையைப் பிடித்து இறக்கினால் நீ என்னை ஒரு தள்ளு தள்ளியிருக்கக் கூடாதா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கத்தினால் என்ன? வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் புரிந்தது. அவள் கையைத் தூக்கினாள். அவளுக்கு அதுதான் கத்தல். அதைக் கேட்டவள் நான் ஒருத்திதான், இறக்கியவளும் நான்தான்.

நான் மன்னிப்புக் கேட்டதில்லை என்று நினைக்காதீர்கள். பத்துத் தடவை கேட்டிருப்பேன். "விடுளா" என்பாள். அதற்கு மேல் கிடையாது. அவள் என்னைத் திட்ட வேண்டும் என்று எத்தனை வருடம் ஏங்கியிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. இன்றைக்கென்றால் ஆபீஸில் யார் யாரைப் பிடிக்க வேண்டும் என்று தெரியும், ஓடி ஓடியாவது அந்தப் பாஸை வாங்கிக் கொடுத்திருப்பேன். கப்பல்காரர் குடும்பம் எதுவும் ஆபீஸ் படியேறினால் என் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவேன். மானேஜர்கூட, "அது உன் சீட் வேலையில்லையே" என்று கேட்டிருக்கிறார். இருக்கட்டும் சார் என்பேன்.

ஜெயபாய் டீச்சர் அடுத்த வருடம் ஓய்வு பெற்று நாசரேத் போய்விட்டார். தன் வகுப்பில் ஒரு ஓட்டு எண்ணப்படாமல் போனது அவருக்குத் தெரியாது. ஹில்டா ஆசிரியர் பயிற்சி முடித்தாள். வேலைக்கு அவளை நேர்முகம் பார்த்தவர்கள், "இவ்வளவு மெதுவாப் பேசினா வகுப்பை எப்படிம்மா கட்டி மேய்ப்ப?" என்று கேட்டார்களாம். பிறகு எப்படி எடுத்தார்கள் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம். இரண்டு வருடமாக அந்த ஆறாம் வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து காதைக் கொடுத்துக்கொண்டு வருகிறாள். பிள்ளைகள் அவள் சொல்வதைக் கேட்க வேண்டுமென்று தாமாகவே அமைதியாகிவிடுகிறார்கள். அங்கே கைகளை எண்ணுவதே இல்லை. அந்தச் சுவரோரச் சிறுமி மறுநாள் என்ன சொன்னாளாம் தெரியுமா? பாட்டும் வேண்டாம் கும்மியும் வேண்டாம், எனக்குத் திரை இழுக்கிற வேலை கொடுங்கள் என்றாளாம். "அத சொல்லதுக்கு அவளுக்கு ஒரு நாள் வேணும்ளா" என்றாள் ஹில்டா.

பர்னபாஸ் மாமா இப்போது கப்பலுக்குப் போவதில்லை. முழங்கால் போய்விட்டது. கண்ணில் புரை விழுந்து எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாது. அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன். உங்களில் யாராவது அவரைக் கண்டுபிடித்து இதை வாசித்துக் காட்டினால், நான் மனுஷியாக இருக்க மாட்டேன். என் சத்தத்தை நீங்கள் கேட்டதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே போயிருந்தேன். பக்கத்து வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவர் ஒருவர் மாமாவோடு பேசிக்கொண்டிருந்தார். பேச்சு கப்பலுக்குப் போனால் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். நின்றது.

"முப்பது வருஷத்துல எத்தனையோ தொறமொகம் பாத்தாச்சு அண்ணாச்சி. ஆனா அந்த ஒருநாள் மாதிரி கெடையாது. பதினாலு மாசம் பிள்ளையக் காணாம கெடக்கேன். கீழ வெள்ள ரிப்பன் கட்டி வரிசையா நிக்குதுக. அத்தன பிள்ளையில எம் பிள்ளைய ஒரே பார்வையில கண்டுபுடிச்சேன்லா! பெத்தவனுக்குத் தெரியாதா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இவளுந்தான் பக்கத்துல நின்னா. இல்லயா ஸ்டெபி? நீயும் கை ஆட்டுனல்லா?"

இத்தனை வருடத்தில் அவர் என்னை அந்தக் கதைக்குள் இழுத்தது இதுதான் முதல் தடவை. டீ கொண்டு வந்த ஹில்டா வாசல்படியில் நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள். நான் எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"ஆமா மாமா" என்றேன். "நானும் ஆட்டுனேன். அவ பக்கத்துலதான் நின்னேன்."

"சொன்னேன்லா!" என்று மாமா விருந்தாளியின் தொடையில் தட்டினார்.

கிளம்பும்போது ஹில்டா தெரு முனைவரைக்கும் கூட வந்தாள். நான் ஸ்கூட்டரை எடுத்தேன். அவள் போகவில்லை. எதையோ சொல்ல நிற்கிறாள் என்று தெரிந்தது. இப்போதெல்லாம் நான் காத்திருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். வண்டியை அணைத்துவிட்டு நின்றேன். இரண்டு ஆட்டோ போனது. ஒரு மீன் கூடைக்காரி போனாள்.

"ஸ்டெபி."

"சொல்லு."

"அன்னைக்கு மேச மேல ஏறிச் செஞ்சு காட்டுனல்லா. அப்பா கை ஆட்டுனது." தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "இன்னொரு தடவ செஞ்சு காட்டுதியா? நான் அத பாக்கவே இல்லளா."

தெருவில் ஆட்கள் நின்றிருந்தார்கள். நான் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டேன். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினேன். ஆட்டிக்கொண்டே சுவர் ஓரமாகத் தெரு முடிகிறவரை ஓடினேன், ஜெப்ஸி சொன்னபடியே. திரும்பிப் பார்த்தேன். ஹில்டா அங்கேயே நின்றிருந்தாள். அவள் கை மேலே போனது. காதைத் தாண்டி, தலையைத் தாண்டி, முழுக் கையும். அவள் நிறுத்துகிறவரை நானும் நிறுத்தவில்லை.